பன்னிரண்டு டென்ஸையும் பாடமாக்க வேண்டாம்: ஆங்கில வினைக்காலங்களைத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கிளிநொச்சியில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "ஹவ் லோங் ஹாவ் யூ பீன் லிவிங் இன் வட்டக்கச்சி?" எவ்வளவு காலமாக வட்டக்கச்சியில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தக் கேள்வியில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. நான் சொன்ன பதில், "ஐ ஆம் லிவிங் வட்டக்கச்சி ட்வென்டி இயர்ஸ்." அவர் ஒன்றும் சொல்லாமல் குறிப்பு எழுதினார். வேலை கிடைக்கவில்லை.

எனக்கு அதிகம் வலித்தது வேலை போனதல்ல. அதற்கு முன் இரண்டு இடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போயிருந்தேன், ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு 15,000 ரூபாய் கட்டினேன், பன்னிரண்டு டென்ஸும் உள்ள அட்டவணையை மேலிருந்து கீழே மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் வாய் திறக்கும்போது அட்டவணை வரவில்லை, தமிழ் வசனம்தான் வந்தது, அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப் போட்டேன். அப்புறம் ஐந்து மாதம் வீட்டில் இருந்தே வேறு விதமாகப் படித்தேன். இப்போது கிழமைக்கு ஒரு தடவை ஆங்கிலத்தில் அறிக்கை எழுதும் வேலையில்தான் இருக்கிறேன். தங்கச்சியின் சிநேகிதிகள், பக்கத்து வீட்டுத் தம்பிமார் எல்லோரும் வந்து கேட்பதால் ஒரே விஷயத்தைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு குறிப்பு. ஆங்கில வசனங்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், சத்தமாக வாசித்துப் பார்க்க அது வசதி. உங்கள் கொப்பியில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும், எழுத்துக்கூட்டலும் சேர்ந்து பழகட்டும்.

1. முதலில் வாங்க வேண்டியதும், வாங்கக் கூடாததும்

160 பக்கக் கொப்பி ஒன்று, பேனை இரண்டு, குரல் பதியக்கூடிய கைத்தொலைபேசி. இவ்வளவுதான். போட்டோக்கொப்பிச் செலவையும் சேர்த்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

புத்தகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். ஆறாம் ஆண்டில் இருந்து பதினோராம் ஆண்டு வரையான பாடசாலை ஆங்கிலப் புத்தகங்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். டேட்டா இல்லையென்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பழைய புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண தரம் முடித்தவராக இருந்தாலும் ஏழாம் ஆண்டுப் புத்தகத்தில் இருந்து தொடங்குங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, அங்கே விட்ட ஓட்டைதான் பின்னால் பெரிதாகிறது.

வாங்கக் கூடாதது, ஒவ்வொரு டென்ஸுக்கும் ஒரே ஒரு தமிழ் வடிவத்தைப் பக்கத்தில் போட்டு, இதற்கு இது என்று சொல்லும் தடித்த புத்தகங்கள். நான் ஏமாந்த இடமே அதுதான், ஏன் என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

வகுப்புக்குப் போவதென்றால் காசு கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வகுப்பில் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் நான் எத்தனை நிமிடம் கதைப்பேன்? நான் எழுதுவதை யாராவது திருத்தித் தருவார்களா? இவற்றுக்குத் தெளிவான பதில் வராமல் சான்றிதழைப் பற்றியே கதைத்தால் திரும்பி வந்துவிடுங்கள். நல்ல வகுப்பாகத் தெரிந்தாலும் முழுக் காசையும் முதல் நாளே கொடுக்காமல் மாதா மாதம் கட்டக் கேளுங்கள். சான்றிதழ் கோப்பில் இருக்கும், ஆனால் நேர்முகத் தேர்வில் உங்கள் வாய்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று, உங்கள் சொந்தத் தாள்களை ஒரு உறைக்குள் எடுத்து வையுங்கள்: சுயவிவரக் கோவை, முன்பு அனுப்பிய விண்ணப்பம், வேலை செய்த இடத்தின் சேவைக் கடிதம். எல்லாவற்றிலும் ஒவ்வொரு பிரதி. ஆறாவது படியில் தேவைப்படும்.

2. பன்னிரண்டில் ஐந்தை மட்டும் எடுங்கள்

பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் படித்தால் ஒன்றும் நிற்காது. முதல் மூன்று மாதத்துக்கு ஐந்து போதும்: சிம்பிள் பிரசென்ட், பிரசென்ட் கொன்டினியூவஸ், சிம்பிள் பாஸ்ட், பிரசென்ட் பேர்ஃபெக்ட், அப்புறம் எதிர்காலம். அன்றாடப் பேச்சிலும் அலுவலகக் கடிதத்திலும் வருவதில் பெரும் பங்கு இந்த ஐந்துதான். ஆறாவதாகப் பாஸ்ட் பேர்ஃபெக்டைப் பின்னால் சேர்க்கலாம். மற்றவற்றை வாசிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

நான் இந்த ஐந்தையும் எங்கள் வயலை வைத்துத்தான் மனதில் பதித்தேன். காலபோகம், அதாவது மாரி மழையோடு செய்யும் பெரும்போக நெல், எல்லோருக்கும் தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

"வீ சோ பாடி இன் ஒக்டோபர்." ஒவ்வொரு வருடமும் அப்படித்தான், இன்றைக்கு விதைக்கிறோமா இல்லையா என்ற கதை இல்லை. வழக்கம், அதனால் சிம்பிள் பிரசென்ட்.

"வீ ஆர் ஹார்வெஸ்டிங் நவ்." வெட்டு மெசின் வயலில் நிற்கிறது, சத்தம் கேட்கிறது. நடந்துகொண்டிருக்கிறது, கொன்டினியூவஸ்.

"வீ ஹார்வெஸ்டட் லாஸ்ட் வீக்." எப்போது என்று சொல்லியாயிற்று, முடிந்த நேரம். சிம்பிள் பாஸ்ட்.

"வீ ஹாவ் ஹார்வெஸ்டட்." எப்போது என்பது இங்கே முக்கியமில்லை. நெல் மூட்டையாக வீட்டில் இருக்கிறது, விற்கலாம், கடன் அடைக்கலாம். முடிந்த வேலையின் பலன் இப்போது கையில் இருக்கிறது என்பதுதான் செய்தி. பிரசென்ட் பேர்ஃபெக்ட்.

"வீ ஆர் கோயிங் டு ஹார்வெஸ்ட் நெக்ஸ்ட் வீக்." மெசினுக்குச் சொல்லியாயிற்று, திட்டம் இருக்கிறது. "ஐ வில் ஹெல்ப் யூ" என்பது அந்த இடத்திலேயே எடுத்த முடிவு: பக்கத்து வயல் அண்ணை ஆள் போதவில்லை என்றதும் சரி, நான் வாறன் என்று சொல்கிறீர்களே, அதற்கு "வில்".

இந்த வசனங்களைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். விவசாயம் இல்லாத வீடென்றால் மீன், கடை, தையல், எது உங்கள் வீட்டில் நடக்கிறதோ அதை வைத்து எழுதுங்கள். மற்றவன் வாழ்க்கையை வைத்து எழுதிய உதாரணம் மனதில் நிற்காது.

3. வினையின் மூன்று வடிவங்களை வாய்க்குப் பழக்குங்கள்

இதில் மட்டும் மனப்பாடம் வேண்டும், தப்ப முடியாது. "கோ, வென்ட், கோன்" என்று மூன்றையும் சேர்த்துச் சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வினை என்றால் பன்னிரண்டு நாளில் அறுபது, தொடங்குவதற்கு அது தாராளம்.

அகர வரிசையில் படிக்காமல் ஓசை ஒன்றாக வரும் கூட்டமாகப் படியுங்கள். மாறாத கூட்டம்: "கட், கட், கட்", "புட், புட், புட்", "கொஸ்ட்" என்பதும் அப்படித்தான். கடைசி இரண்டும் ஒன்றாக இருப்பவை: "பை, போட், போட்", "ப்ரிங், ப்ரோட், ப்ரோட்", "டீச், டோட், டோட்", "திங்க், தோட், தோட்". நடுவில் ஓசை மாறுபவை: "ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க்", "பிகின், பிகான், பிகன்". கடைசியில் "ன்" வருபவை: "ரைட், ரோட், ரிட்டன்", "ஸ்பீக், ஸ்போக், ஸ்போக்கன்", "டேக், டுக், டேக்கன்". வாசிப்பதைக் குறிக்கும் "ரீட்" மூன்று இடத்திலும் ஒரே எழுத்தோடு வரும், ஆனால் பின் இரண்டையும் "ரெட்" என்று சொல்ல வேண்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை, பல காலம் பிழையாக வாசித்தேன்.

இறந்தகாலத்தில் வழக்கம்போல "ஈடி" சேர்ந்து முடியும் வினைகளின் கடைசி ஓசையிலும் கவனம் வேண்டும். "வோக்" என்பது "வோக்ட்", "கோல்" என்பது "கோல்ட்", ஒரே அசைதான், "வோக்கெட்" என்று இழுக்கக் கூடாது. "வொன்ட்", "நீட்" போல "ட்" ஓசையிலேயே முடிபவற்றுக்கு மட்டும் ஓர் அசை கூடும்: "வொன்டிட்", "நீடிட்".

இங்கே இரண்டு பிழை எல்லோருக்கும் வரும். ஒன்று, "ஐ டிட் நொட் வென்ட்". "டிட்" இறந்தகாலத்தை ஏற்கெனவே தூக்கிக்கொண்டு விட்டது, அடுத்த வினை வெறும் கையோடு வரும்: "ஐ டிட் நொட் கோ". கேள்வியிலும் அப்படியே, "டிட் யூ கோ?" இரண்டாவது, "ஹி கோ", "மை மதர் வேர்க்". தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிறோம், ஒரு நாளும் பிழைக்காது. ஆங்கிலத்தின் நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பதற்கு மட்டும் ஒரே ஓர் "எஸ்". அதை விடாதீர்கள். ஆனால் "டஸ்" வந்தால் அந்த "எஸ்" அதற்குள் போய்விடும்: "டஸ் ஹி கோ?", "ஷி டஸ் நொட் வேர்க்".

4. தமிழ் எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள். நம் பிழைகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் தெரியாமல் வருவதில்லை, தமிழ் வினையின் உருவத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பதால் வருகின்றன. அந்த வினை அந்த வசனத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும்.

"அப்பா விடியக் காலமை தேத்தண்ணி குடிப்பார்." குடிப்பார் என்பது உருவத்தில் எதிர்காலம். உடனே "ஃபாதர் வில் ட்ரிங்க் டீ" என்று எழுதுகிறோம். ஆனால் அது செய்யும் வேலை வழக்கத்தைச் சொல்வது. ஆகவே "மை ஃபாதர் ட்ரிங்க்ஸ் டீ". "கடை எட்டு மணிக்குத் திறக்கும்", "இந்த பஸ் மாங்குளத்தில் நிற்கும்", எல்லாம் அதே கதை, ஒன்றிலும் "வில்" வராது. என் பழைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோது ஒரே பக்கத்தில் ஏழு "வில்" இருந்தது, அதில் ஐந்து இந்த வகைப் பிழை.

இதே எதிர்கால உருவம் பழைய நினைவுக்கும் வரும். "சின்ன வயதில் நாங்கள் வாய்க்காலில் குளிப்போம்." இது நடந்து முடிந்த காலத்து வழக்கம். ஆங்கிலத்தில் "வீ யூஸ்ட் டு பேத் இன் த கனால்". இந்த "யூஸ்ட் டு" ஒன்றைக் கற்றுக்கொண்டால் ஊர்க்கதை முழுவதும் சொல்லலாம்.

"போகிறேன்" என்பது மூன்று வேலை செய்யும். "நான் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் போகிறேன்" என்றால் "ஐ கோ". "எங்கே போகிறாய்?" என்று படலையடியில் நின்று கேட்பவருக்குச் சொல்லும் "கடைக்குப் போகிறேன்" என்றால் "ஐ ஆம் கோயிங்". "நாளைக்கு வவுனியாவுக்குப் போகிறேன்" என்றாலும் "ஐ ஆம் கோயிங்" என்றே சொல்லலாம், ஏனென்றால் திட்டமிட்ட எதிர்காலத்துக்கு ஆங்கிலமும் அதையே எடுக்கிறது. இந்த ஓரிடத்தில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது.

அடுத்தது, நான் நேர்முகத் தேர்வில் விழுந்த இடம். "இருபது வருடமாக இங்கே இருக்கிறேன்." தமிழில் நிகழ்காலம், எனவே "ஐ ஆம் லிவிங்" என்று வந்துவிடுகிறது. முன்னால் தொடங்கி இன்றுவரை தொடரும் எதற்கும் ஆங்கிலத்தில் "ஹாவ்" வேண்டும்: "ஐ ஹாவ் பீன் லிவிங் ஹியர் ஃபோர் ட்வென்டி இயர்ஸ்". இது அந்த ஐந்தில் சேராத பிரசென்ட் பேர்ஃபெக்ட் கொன்டினியூவஸ், ஆனாலும் இந்த ஒரு வசனத்துக்காகவாவது அதைக் கற்றுக்கொள்ளுங்கள், எல்லோரும் இதைத்தான் கேட்பார்கள். "ஃபோர்", "சின்ஸ்" குழப்பத்துக்குத் தமிழிலேயே திறப்பு இருக்கிறது. "ஆக" வந்தால் "ஃபோர்": மூன்று மாதமாக, "ஃபோர் த்ரீ மந்த்ஸ்". "இருந்து" வந்தால் "சின்ஸ்": 2015 இல் இருந்து, "சின்ஸ் 2015".

"நேற்று உங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன்." இதை "ஐ ஹாட் கம் யெஸ்டர்டே" என்று எழுதுகிறோம், பிழை. தனியாக ஒரு சம்பவத்தைச் சொல்லும்போது "ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே" போதும். "ஹாட்" வருவது கடந்து போன இரண்டு சம்பவத்தில் எது முந்தியது என்று காட்ட வேண்டிய இடத்தில். அதுதான் பாஸ்ட் பேர்ஃபெக்ட்.

அது எனக்கு விளங்கியது ஒரு மாசி மாதப் பின்னேரம். முற்றத்தில் தறப்பாளில் நெல் காய்ந்தது. நானும் தங்கச்சியும் உள்ளே இருந்தோம். திடீரென்று மழை. அப்பா சந்தியில் இருந்து நனைந்துகொண்டு ஓடி வந்து கேட்ட ஒரே கேள்வி: "மழை வந்தாப்போல மூடினீங்களா, முதலே மூடியிருந்தீங்களா?" அவருக்கு அது இலக்கணம் இல்லை, நெல் நனைந்ததா இல்லையா என்பதுதான். "வென் த ரெயின் கேம், வீ கவர்ட் த பாடி" என்றால் மழை வந்தது, பிறகு ஓடிப்போய் மூடினோம், மேல்நெல் நனைந்துவிட்டது. "வென் த ரெயின் கேம், வீ ஹாட் கவர்ட் த பாடி" என்றால் மழைக்கு முதலே மூடியாயிற்று, நெல் காய்ந்தபடி இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் மூடியிருக்கவில்லை, மேல்நெல் நனைந்துதான் போனது. அதற்குப் பிறகு பாஸ்ட் பேர்ஃபெக்ட்டில் எனக்குப் பிழை வந்ததில்லை.

"மழை வந்தால் போகமாட்டேன்." வந்தால் என்பதை "இஃப் த ரெயின் கேம்" என்றோ, எதிர்காலம்தானே என்று "இஃப் இட் வில் ரெயின்" என்றோ எழுதாதீர்கள். "இஃப் இட் ரெயின்ஸ், ஐ வில் நொட் கோ." "இஃப்" இருக்கும் பக்கத்தில் நிகழ்காலம், மற்றப் பக்கத்தில் "வில்". "அவர் வந்ததும் சொல்கிறேன்" என்பதும் இதே அச்சு: "வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்."

கடைசியாக, தெரியும், வேண்டும், பிடிக்கும், விளங்கும் என்பவை. "ஐ ஆம் நோயிங்", "ஐ ஆம் வொன்டிங்" என்று சொல்லக் கூடாது. இவை மனநிலை, நடக்கும் செயல் இல்லை. "ஐ நோ", "ஐ வொன்ட்", "ஐ லைக்", "ஐ அண்டர்ஸ்டாண்ட்". உடன்படுகிறேன் என்பதற்கு "ஐ ஆம் அக்ரீ" என்பதும் இங்கே அடிக்கடி கேட்கும் பிழை, "ஐ அக்ரீ" மட்டும் போதும்.

5. வசனத்தில் நேரச் சொல்லைத் தேடுங்கள்

சிம்பிள் பாஸ்டா, பிரசென்ட் பேர்ஃபெக்டா என்று தடுமாறினால் நேரச் சொல்லைப் பாருங்கள். முடிந்துபோன நேரம் ஒன்று இருந்தால் "ஹாவ்" வரக்கூடாது. கிளிநொச்சிக்கு ரயில் மீண்டும் வந்தது 2013 இல், யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 இல். வருடம் சொல்லியாயிற்று, ஆகவே "த ட்ரெயின் கேம் பேக் டு கிளிநொச்சி இன் 2013". "ஹாஸ் கம் பேக் இன் 2013" பிழை. வருடத்தை எடுத்துவிட்டு, இப்போது ரயில் ஓடுகிறது என்ற செய்தியை மட்டும் சொல்வதானால் "த ட்ரெயின் ஹாஸ் கம் பேக்" சரி.

"யெஸ்டர்டே", "லாஸ்ட் வீக்", "அகோ", "இன் 2018" இவை பாஸ்டின் ஆட்கள். "ஓல்ரெடி", "யெட்", "எவர்", "நெவர்", "சோ ஃபார்" பெரும்பாலும் பேர்ஃபெக்டோடு வரும். அமெரிக்கப் படங்களில் "டிட் யூ ஈட் யெட்?" என்று கேட்பதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அங்கே அப்படியும் பேசுவார்கள். நம் பாடசாலைப் புத்தகங்கள் பிரிட்டிஷ் வழக்கில் போகின்றன, அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

6. உங்கள் சொந்தத் தாள்களில் பழகுங்கள்

உறைக்குள் வைத்த சுயவிவரக் கோவையை எடுங்கள். விட்டுப் போன வேலைகள் எல்லாம் பாஸ்டில் இருக்க வேண்டும்: "வேர்க்ட் அஸ் எ டேட்டா கலெக்டர் ஃப்ரொம் 2016 டு 2017". இப்போது செய்யும் வேலை நிகழ்காலத்தில்: "ஐ டீச் மாத்ஸ் டு கிரேட் நைன் ஸ்டூடன்ட்ஸ்". என்னுடையதில் மூன்று வருடத்துக்கு முன் விட்ட வேலை நிகழ்காலத்தில் இருந்தது, வாசிப்பவர் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன் என்று நினைத்திருப்பார்.

விண்ணப்பக் கடிதத்தில் மூன்று அச்சு போதும். தொடக்கத்தில் "ஐ ஆம் ரைட்டிங் டு அப்ளை ஃபோர்". அனுபவத்துக்கு "ஐ ஹாவ் வேர்க்ட் இன் திஸ் ஃபீல்ட் ஃபோர் த்ரீ இயர்ஸ்". இணைப்புக்கு "ஐ ஹாவ் அட்டாச்ட் மை சர்டிஃபிகேட்ஸ்". ஏன் இங்கே "ஹாவ்" என்று உங்களையே கேளுங்கள்: இணைத்தாயிற்று, தாள் இப்போது அவர் கையில் இருக்கிறது. மூட்டை வீட்டில் இருப்பது போலத்தான்.

ஒரு தாளில் மூன்று நிறப் பேனையால் கோடு போட்டேன், பாஸ்டுக்குச் சிவப்பு, பிரசென்டுக்கு நீலம், "ஹாவ்" வரும் இடத்துக்குப் பச்சை. ஒரே பந்தியில் நிறம் மாறி மாறி வந்தால் அங்கே நின்று, காரணம் இருக்கிறதா என்று பார்த்தேன். காரணமில்லாமல் காலம் தாவுவது நம் எழுத்தில் பெரிய குறை.

7. வாய்க்குக் கொண்டு வாருங்கள்

எழுத்தில் சரியாக வருவது வாயில் வர இன்னும் இரண்டு மாதம் எடுக்கும், அதற்காக மனம் விட வேண்டாம். இரவில் படுக்கப் போகும் முன் கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம் பதியுங்கள். இன்று என்ன செய்தேன் என்று ஒரு நிமிடம், நாளைக்கு என்ன என்று ஒரு நிமிடம், வீட்டில் வழக்கமாக என்ன நடக்கும் என்று ஒரு நிமிடம். அடுத்த நாள் காலையில் கேட்டு, கேட்ட பிழையைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அதே இரவில் கேட்டால் பிழை காதில் படாது, ஒரு நித்திரை இடைவெளி வேண்டும்.

ஆங்கிலம் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றில்லை. தங்கச்சி எனக்குத் தமிழில் கேள்வி கேட்பாள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அவளுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: கேள்வியில் நேற்று என்று இருந்து என் பதிலில் "ஹாவ்" வந்தால் கையைத் தட்டு.

கேள்வி ஆங்கிலத்தில் வந்தால் இன்னும் இலேசு, பதிலின் அச்சு கேள்விக்குள்ளேயே இருக்கும். "வேர் டிட் யூ ஸ்டடி?" என்றால் பாஸ்ட், "ஐ ஸ்டடீட்". "வட் ஆர் யூ டூயிங் நவ்?" என்றால் "ஐ ஆம் டூயிங்". "ஹவ் லோங் ஹாவ் யூ பீன் லிவிங்" என்றால் "ஐ ஹாவ் பீன் லிவிங்". அன்று அந்த மனிதர் விடையை என் கையில் வைத்துத்தான் கேள்வி கேட்டார், எனக்கு எடுக்கத் தெரியவில்லை. கேள்வியின் முதல் இரண்டு மூன்று சொல்லைக் காது பிடிக்கப் பழக்குங்கள்.

8. எவ்வளவு காலம் எடுக்கும்

ஒரு நாளைக்கு 40 நிமிடம் என்றால் நான்கில் இருந்து ஐந்து மாதம். முதல் இரண்டு கிழமை மூன்று வடிவங்கள். அதன் பின் ஒவ்வொரு டென்ஸுக்கும் இரண்டு கிழமை, மொத்தம் பத்து. மிச்சக் காலம் முழுக்கச் சொந்தத் தாள்களும் குரல் பதிவும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் எட்டு மணித்தியாலம் இருந்து படிப்பதை விட ஒவ்வொரு நாளும் 20 நிமிடம் நல்லது.

வயல் வீடென்றால் விதைப்பும் அறுவடையும் நடக்கும் மாதங்களில் தொடங்காதீர்கள், மூன்றாம் நாளே நின்றுவிடும். பங்குனியில் தொடங்கினால் ஆவணிக்குள் ஒரு நிலைக்கு வந்துவிடலாம். "முப்பது நாளில் சரளமாக" என்று ஒட்டியிருக்கும் விளம்பரங்களை நம்பிக் காசைக் கொடுக்க வேண்டாம், முப்பது நாளில் வினை வடிவங்கள்கூட வாய்க்கு வராது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்களுக்குப் போகப் போகிற பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை முடிந்து காத்திருக்கும் மாதங்களை இதற்கு எடுங்கள், அங்கே படிப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும்.

9. ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கு

ஐஈஎல்டிஎஸ் என்பது வெளிநாட்டுப் படிப்புக்கும் குடியேற்றத்துக்கும் கேட்கும் ஆங்கிலப் பரீட்சை. எழுத்து, பேச்சு இரண்டிலும் புள்ளியில் கால் பங்கு இலக்கணத்துக்குப் போகிறது, அதில் காலப்பிழை உடனே தெரியும். பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் வீடு, வேலை, படிப்பு என்று கேட்பார்கள், பிரசென்ட் கைக்குள் இருக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு அட்டை தந்து ஒரு நிமிடம் யோசிக்க விட்டு இரண்டு நிமிடம் வரை பேச விடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் முழு வசனம் எழுதாமல், சொல்லப் போகும் வினைகளைப் பாஸ்ட் வடிவத்தில் ஐந்தாறு குறித்துக்கொள்ளுங்கள், அட்டை நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்டால் அது கைகொடுக்கும். பல்கலைக்கழகப் படிப்புக்கான அகடமிக் வகையில், எழுத்தில் வரைபடம் வந்தால் முதலில் அதில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள். கடந்த வருடங்கள் என்றால் பாஸ்ட், வருடமே இல்லையென்றால் பிரசென்ட்.

கட்டணம் சிறிய தொகை இல்லை, அடிக்கடி மாறவும் மாறும், ஆகவே பதிவு செய்யும் நாளில் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும், விண்ணப்பிக்கும் திகதி தெரியாமல் அவசரப்பட்டு எழுத வேண்டாம். பெயர் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு ஒத்துப்போகிறதா என்று பதிவுப் படிவத்தில் இரண்டு தடவை பாருங்கள். பதிவுக்குக் கொடுத்த அதே அடையாள ஆவணத்தைத்தான் பரீட்சை நாளிலும் கொண்டுபோக வேண்டும். பிரதி சரிவராது, அசலை முதல் நாள் இரவே பையில் வையுங்கள், பக்கத்தில் உங்கள் கொப்பியின் அந்தக் கடைசிப் பக்கத்தையும். பஸ்ஸில் வேறு எதையும் வாசிக்க வேண்டாம், அந்தப் பக்கத்தை மட்டும் வாசியுங்கள்.